கம்பியும் பேட்டரியும்: வேப் காயிலின் 200 வருடக் கதை

மக்களே, இது கொஞ்சம் நீளமான த்ரெட். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

"வேப்ல நெருப்பே கிடையாதே டாக்டர், வெறும் ஆவிதானே. அது எப்படிச் சுடும், எப்படி வெடிக்கும்?" என்று ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொன்னா "ஆபத்து தம்பி, வேண்டாம்" என்று அறிவுரையா முடிஞ்சிடும். அதனால் வரலாற்றுக்குள்ள போய்ச் சொல்றேன்.

1799 அக்டோபர் 16. கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட நாள். நான் வேலை பார்க்கிற இந்த ஒட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி வட்டாரத்தில் சின்னப்பிள்ளைகூட இந்தத் தேதியைச் சொல்லும். அதிலிருந்து அஞ்சு மாசம் கழித்து, 1800 மார்ச் 20 அன்று, வோல்ட்டா என்ற இத்தாலியப் பேராசிரியர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். வெள்ளித் தட்டு, துத்தநாகத் தட்டு, நடுவில் உப்புத் தண்ணியில் நனைத்த அட்டை. இப்படியே மாத்தி மாத்தி அடுக்கிக்கொண்டே போனால் மின்சாரம் இடைவிடாமல் ஓடுகிறது என்பதுதான் கடிதத்தின் சாரம்.

உலகத்தின் முதல் பேட்டரி அதுதான். அதற்குத் தேவைப்பட்ட உப்புத் தண்ணி நம்ம தூத்துக்குடி உப்பளங்களில் வேண்டிய மட்டும் கிடந்தது என்பது வேற விஷயம்.

ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி வந்து பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினார். 1801 மே மாதம் அது இரண்டாவது முறையாக விழுந்தது. அதே வருஷங்களில் ஐரோப்பாவில் இந்தப் புது பேட்டரியை வைத்து எல்லாரும் ஒரு வேடிக்கை செய்துகொண்டிருந்தார்கள். மெல்லிய உலோகக் கம்பியை இரண்டு முனையிலும் தொட்டால் கம்பி செக்கச்செவேலென்று பழுக்கும். 1802-ல் லண்டனில் ஹம்ப்ரி டேவி பிளாட்டினத்தை அப்படி ஒளிர வைத்துக் காட்டினார். தீக்குச்சி இல்லாமல், கரி இல்லாமல், ஒரு கம்பி தானே தணலாகிறது.

இன்றைக்கு ஒரு வேப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பதும் இதே இரண்டு பொருள்தான், ஒரு பேட்டரி, ஒரு கம்பி. மிச்சமெல்லாம் அலங்காரம்.

சரி, கம்பி எவ்வளவு சூடாகும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வார்டனுக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் ஒரு காயில் அடுப்பு இருக்கும். மண் தட்டில் பாம்பு மாதிரி சுருண்ட நிக்ரோம் கம்பி. ஒருநாள் அது அறுந்துபோகும். புதுசு வாங்கக் காசு ஏது? அறுந்த இடத்தில் இரண்டு நுனியையும் முறுக்கி மாட்டிவிடுவோம். மறுநாள் பால் வழக்கத்தைவிட வேகமாகப் பொங்கும். "அடுப்பு முன்னைவிட நல்லா வேலை செய்யுதுடா!" என்று சந்தோஷப்படுவோம். நாலு நாளில் மறுபடி அறுந்துவிடும்.

காரணம் இதுதான். வீட்டு மின்சாரம் எப்போதும் 230 வோல்ட். அதை நாம் மாற்ற முடியாது. கம்பி குட்டையானால் மின்தடை குறையும், மின்தடை குறைந்தால் கரண்ட் கூடும், கரண்ட் கூடினால் சூடு கூடும். 1000 வாட் அடுப்பில் கம்பியின் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அது 1250 வாட் அடுப்பாகிவிடும். போதாததற்கு அந்தக் கூடுதல் சூட்டைக் குட்டையான கம்பி தாங்க வேண்டும். வோல்ட்டுக்கும் கரண்ட்டுக்கும் மின்தடைக்கும் உள்ள இந்தக் கணக்கை 1827-ல் ஜெர்மனியின் ஓம் எழுதினார். கரண்ட் எவ்வளவு சூடாகிறது என்பதை 1840-களின் தொடக்கத்தில் ஜூல் அளந்து சொன்னார். ரெண்டு பேர் பெயரும் பிளஸ் டூவில் நம்மைப் படுத்தின பெயர்கள்தான்.

ஆக, மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லாத கருவியில் கம்பிதான் ரெகுலேட்டர். நீளம், தடிமன், எந்த உலோகம், எத்தனை சுற்று... இது சரியாக இருந்தால் கருவி சரி. தப்பாக இருந்தால் அதைத் திருத்த உள்ளே வேறு யாரும் இல்லை.

இந்தச் சிக்கலை முதலில் நேருக்கு நேர் சந்தித்தவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. மருத்துவர்களைத்தான் சொல்றேன்.

1854-ல் பிரெஸ்லாவ் நகரத்து அறுவை மருத்துவர் மிடெல்டோர்ப் ஒரு புத்தகம் போட்டார். பேட்டரியால் சூடாகும் பிளாட்டினக் கம்பியை வைத்துக் கட்டிகளை அறுப்பது, ரத்தக் கசிவை நிறுத்துவது எப்படி என்பதுதான் விஷயம். இன்று ஆபரேஷன் தியேட்டரில் நாங்கள் 'காட்டரி' என்று சொல்லும் கருவிக்கு இது மூத்த அண்ணன். அதுவரை பழுக்கக் காய்ச்சிய இரும்பைத்தான் காயத்தில் வைத்தார்கள். இதில் கம்பியைக் குளிர்ந்த நிலையிலேயே தொண்டைக்குள் கொண்டுபோய், சரியான இடத்தில் வைத்துவிட்டு, பிறகு கரண்ட் கொடுக்கலாம். பெரிய முன்னேற்றம்.

ஆனால் ஒரு தலைவலி. பேட்டரியின் பலத்தை நினைத்தபடி மாற்ற முடியாது. அமிலம் புதுசாக இருந்தால் அதிகம், பழசானால் குறைவு. காற்றில் பார்க்கும்போது அழகாகச் சிவந்த கம்பி, ஈரமான திசுவைத் தொட்டதும் சூட்டை அதற்குக் கொடுத்துவிட்டு மங்கிப்போகும். திசுவுக்குள்ளும் சிவப்பாக இருக்கும்படி கம்பியைத் தேர்ந்தெடுத்தால், வெளியே எடுத்த நொடியில் உருகிவிடும். பிளாட்டினம் உருக 1768 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதுவே உருகும்!

அதனால் ஒவ்வொரு பேட்டரிக்கும் பொருத்தமான நீளம், தடிமன் பார்த்துக் கம்பி கட்ட வேண்டியிருந்தது. பின்னாளில் வந்த பேட்டரிகளில் தட்டுகளை அமிலத்துக்குள் எவ்வளவு ஆழம் இறக்குகிறோம் என்பதை வைத்துக் கரண்ட்டைக் கூட்டிக் குறைத்தார்கள். இன்னொரு டாக்டர் கதையும் உண்டு. 1877-ல் ஜெர்மனியில் மாக்ஸ் நிட்ஸே சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் குழாயைச் செய்தபோது, அதன் விளக்கு ஒரு பழுத்த பிளாட்டினக் கம்பி. நோயாளி வெந்துபோகாமல் இருக்கக் குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்கு வயிற்றைக் கலக்குது.

'ஈரம் இருக்கும்வரை கம்பி அடங்கியிருக்கும், ஈரம் போனால் கட்டுமீறும்.' இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வேப் கதையில் இது திரும்ப வரும்.

பிளாட்டினம் வீட்டு உபயோகத்துக்குக் கட்டுபடியாகாது. சாதாரணக் கம்பிகளோ காற்றில் பழுத்தால் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். 1906-ல் அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்ற நிக்ரோம் (சுமார் 80% நிக்கல், 20% குரோமியம்) அதைத் தீர்த்தது. டோஸ்டர், அயர்ன் பாக்ஸ், நம்ம காயில் அடுப்பு எல்லாம் அதன் பிள்ளைகள். பிறகு ஸ்வீடனில் இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த காந்தல் வந்தது. இன்று வேப் காயிலில் அதிகம் இருப்பவை இந்த இரண்டும்தான்.

இப்போது புகைக்கு வருவோம்.

புகையிலை போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியா வந்து, அக்பர் அரண்மனைக்கு 1600-களின் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தபோதே வைத்தியர்களுக்கும் அதற்கும் தகராறு. தெரியாத சரக்கு, வேண்டாம் என்று தடுத்தார்கள். புகையைத் தண்ணீர் வழியாக இழுத்தால் சுத்தமாகிவிடும் என்று ஹூக்காவைக் கண்டுபிடித்ததே அக்பரின் வைத்தியர் அபுல் ஃபத் கிலானிதான் என்றொரு கதையும் உண்டு. அவர் 1589 வாக்கிலேயே இறந்துவிட்டதால் தேதிதான் கொஞ்சம் உதைக்கிறது! ஆனால் 'கெடுதல் இல்லாத புகை' என்ற ஆசை எவ்வளவு பழசு என்று பாருங்க.

அந்த ஆசையின் மின்சார வடிவம் 1963-ல் வந்தது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் 'புகையும் புகையிலையும் இல்லாத சிகரெட்'டுக்கு விண்ணப்பித்து 1965-ல் காப்புரிமை வாங்கினார். பேட்டரியால் சூடாகும், ஈரமான, வாசனையூட்டிய காற்று. நிகோட்டின் கிடையாது. சந்தைக்கு வரவே இல்லை. அப்போதைய சிகரெட் கம்பெனிகளுக்கு அது எதற்கு?

2003-ல் சீன மருந்தாளுநர் ஹான் லிக் நிகோட்டின் திரவத்தை வைத்து இன்றைய இ-சிகரெட்டுக்கு வழி போட்டார். அவருடைய அப்பா நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். முதல் வடிவம் காயில்கூட இல்லை, அல்ட்ராசோனிக் அதிர்வில் திரவத்தைத் தூவுவது. சீக்கிரமே அதை ஓரங்கட்டிவிட்டுச் சூடான கம்பி வந்து உட்கார்ந்தது. மலிவு, எளிது.

ஆரம்பகால வேப் சிகரெட் அளவுதான். பேட்டரி 3.7 வோல்ட், காயில் 2.5 ஓம் என்று வைத்துக்கொண்டால் ஐந்தரை வாட் கிடைக்கும். சிகரெட்டுக்குப் பழகியவர்களுக்கு இது போதவில்லை. 2008 வாக்கில் பிரிட்டனில் சிலர் டார்ச் லைட் குழாய்க்குள் பெரிய பேட்டரியைப் போட்டு மேலே காயிலை மாட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'மெக்கானிக்கல் மோட்'. ஒரு உலோகக் குழாய், ஒரு பேட்டரி, ஒரு அழுத்துப் பொத்தான். சிப் இல்லை, ஃப்யூஸ் இல்லை, வாட் மாற்றும் வசதி இல்லை. மிடெல்டோர்ப் மேசையில் இருந்த அதே ஏற்பாடு, 150 வருஷம் கழித்து, இந்த முறை வாயில்.

காயிலை அவரவரே சுற்றிக்கொண்டார்கள். கணக்கைப் பாருங்க. முழுதாகச் சார்ஜ் ஆன லித்தியம் செல் 4.2 வோல்ட். 0.4 மி.மீ. காந்தல் கம்பி மீட்டருக்குச் சுமார் 11 ஓம். 9 செ.மீ. எடுத்துச் சுற்றினால் 1 ஓம். கரண்ட் 4.2 ஆம்பியர், சூடு 17.6 வாட். பெரும்பாலான செல் இதைத் தாங்கும். கம்பியைப் பாதியாக்கினால் அரை ஓம், 8.4 ஆம்பியர், 35 வாட். புகை மண்டலம் பெரிசா வேண்டும் என்று தடிமனான கம்பி, ரெண்டு மூணு காயில் என்று போட்டு 0.2 ஓமுக்கு இறக்கினால் 21 ஆம்பியர், 88 வாட். 0.1 ஓம் என்றால் 42 ஆம்பியர்!

வீட்டில் ஏசிக்கு 16 ஆம்பியர் பிளக் போடுகிறோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே அதைவிட அதிகமான கரண்ட், விரல் அளவு செல்லிலிருந்து வெளியேறுகிறது. பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய செல்லும் அதே அளவு, அதே தோற்றம்தான். ஆனால் அவற்றில் பல 10 ஆம்பியரைக்கூடத் தொடர்ந்து தாங்காது. கம்பியில் இன்னொரு பொறியும் உண்டு. தூய நிக்கல் கம்பியின் மின்தடை நிக்ரோமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிப் உள்ள கருவிக்காக விற்ற நிக்கல் கம்பியை இந்தக் குழாயில் மாட்டினால் அது காயில் இல்லை, ஷார்ட் சர்க்யூட்.

2015 அக்டோபர் முதல் 2016 ஜூன் வரை, ஒன்பது மாதத்தில், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஒரே பல்கலைக்கழக மருத்துவமனைக்கு இ-சிகரெட் வெடித்து 15 பேர் வந்தார்கள். 80 சதவீதம் பேருக்கு நெருப்புக் காயம், மூன்றில் ஒருவருக்குப் பேட்டரி ரசாயனத்தால் வெந்த காயம், கால்வாசிப் பேருக்கு வெடிப்புக் காயம். முகம், கை, தொடை. தொடை ஏன் என்றால் பேன்ட் பாக்கெட்டில் சாவியோடும் சில்லறையோடும் கிடந்த செல். 2018-ல் ஃப்ளோரிடாவிலும் 2019-ல் டெக்ஸாஸிலும் வெடித்த துண்டுகள் பாய்ந்து இருவர் இறந்தார்கள்.

தம்பி, "எப்படி வெடிக்கும்" என்பதற்குப் பதில் இது. "எப்படிச் சுடும்" என்பது பாக்கி இருக்கு.

காயிலுக்குள் ஒரு பஞ்சுத் திரி. அதில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோட்டின், வாசனை. முதலாவது 188 டிகிரியில் கொதிக்கும், கிளிசரின் 290 டிகிரியில். திரி நனைந்திருக்கும்வரை கம்பியின் சூடு ஏறக்குறைய இந்த எல்லைக்குள் நிற்கும். இட்லிப் பானையில் தண்ணி இருக்கும்வரை பானை 100 டிகிரியைத் தாண்டாத மாதிரி. தண்ணி வற்றினால் பானை கருகும் இல்லையா? இங்கேயும் அதேதான். திரி திரவத்தை உறிஞ்சிக் கொடுக்கும் வேகத்தைவிடக் கம்பி வேகமாகக் காய்ந்தால், சூடு பல நூறு டிகிரி எகிறும். பஞ்சு கருகும். கிளிசரின் சிதைந்து ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும் வரும். எண்ணெய்ச் சட்டி அளவுமீறிக் காய்ந்து புகையும்போது கண்ணையும் தொண்டையையும் எரிக்குமே, அதில் இருப்பதும் அக்ரோலின்தான்.

அதனால் ஓம் கணக்கு சரியாக வந்தால் மட்டும் காயில் சரியாகிவிடாது. அந்த வாட்டைப் பரப்பிக் கொடுக்கக் கம்பிக்குப் போதுமான மேல்பரப்பு வேண்டும், திரி ஈடுகொடுக்க வேண்டும். ஒரே 35 வாட் குட்டிக் கம்பியில் எரிக்கும், பெரிய கம்பியில் ஆவியாக்கும். 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு இதைத் தொட்டது. ஒரே கருவியை 3.3 வோல்ட்டில் இயக்கியபோது ஃபார்மால்டிஹைட் வகைச் சேர்மம் தென்படவில்லை, 5 வோல்ட்டில் கணிசமாக வந்தது. "அந்தச் சூட்டில் தொண்டை எரியும், எவனும் இழுக்க மாட்டான்" என்று எதிர்ப்பும் வந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கு. ஆனால் கருகல் வாடையை மறைக்கத்தானே மாம்பழம், புதினா, பபிள்கம்?

கம்பியும் சும்மா இருப்பதில்லை. 2018-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 56 பேரின் கருவிகளைச் சோதித்தார்கள். பாட்டிலில் இருந்த திரவத்தைவிட, காயிலைத் தொட்டபின் வந்த ஆவியில் குரோமியம், நிக்கல், ஈயம் கூடுதலாக இருந்தன. 'வெறும் ஆவி' இல்லை என்பதற்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிடறேன். 2019-ல் அமெரிக்காவில் 2,800-க்கும் மேற்பட்டோர் நுரையீரல் பாதிப்போடு அட்மிட் ஆகி 68 பேர் இறந்தார்களே, அதற்குக் காயில் காரணம் இல்லை. பெரும்பாலும் கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட். எல்லாப் பழியையும் ஒரே தலையில் போட்டால் அடுத்த முறை நாங்கள் சொல்வதை நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

இடையில், 2010-க்குப் பிறகு, சிப் வைத்த கருவிகள் பரவின. காயிலின் மின்தடையைத் தானே அளக்கும், ஷார்ட் இருந்தால் ஓடாது, வாட்டை மாற்றலாம். குழாய்க் கருவி சில பிரியர்களின் பொழுதுபோக்காகச் சுருங்கியது. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் தோன்றும்.

2015-ல் ஜூல் வந்து கதையைத் திருப்பியது. பென் டிரைவ் மாதிரி உருவம், மாற்ற எந்தப் பட்டனும் இல்லை. வாட் குறைவு. ஆனால் நிகோட்டினை உப்பு வடிவத்தில் 5% வைத்ததால் தொண்டை எரியாமல் நிறைய உள்ளே போகும். அதன் பின்னால் வந்ததுதான் தூக்கிப்போடும் வேப். மறுபடியும் வாட் மாற்ற முடியாத கருவி. மறுபடியும் கம்பிதான் எல்லாம். ஒரே வித்தியாசம், முன்பு காயில் சுற்றியவருக்கு ஓம் கணக்காவது தெரிந்திருந்தது, மீட்டர் வைத்துப் பார்த்தார். இப்போது அதை எங்கேயோ ஒரு தொழிற்சாலை சுற்றுகிறது, இழுப்பது பதினைந்து வயசுப் பையன். கம்பி எந்த உலோகம், எத்தனை ஓம், திரி எப்போது வற்றும் என்று அவனுக்குத் தெரியாது. விற்றவனுக்கும் தெரியாது. 2 மில்லி திரவத்தில் 5% என்றால் 100 மில்லிகிராம் நிகோட்டின். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேர்வது 1 முதல் 2 மில்லிகிராம்.

தமிழ்நாடு 2018-லேயே தடை போட்டது. 2019 செப்டம்பரில் மத்திய அவசரச் சட்டம், டிசம்பரில் முழுச் சட்டம். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல்முறை ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். இருந்தும் 2022-ல் குஜராத் முந்த்ரா துறைமுகத்தில் ஒரே முறையில் 2 லட்சத்துக்கும் மேல் பிடிபட்டது. நம்ம கடற்கரையில் பீடி இலை இலங்கைக்குக் கடத்தப்பட்டுப் பிடிபடுவது வாரச் செய்தி. துறைமுக ஊர்க்காரர்களுக்குத் தெரியும், வெளியே போகிற வழியில் உள்ளேயும் வரலாம்.

"பெட்டிக்கடையில் பீடி சிகரெட் விற்கும்போது வேப்புக்கு மட்டும் ஏன் தடை? பிரிட்டனில் டாக்டரே கொடுக்கிறாரே?" நியாயமான கேள்வி. பீடியைவிட வேப்பில் தாரும் கார்பன் மோனாக்சைடும் வெகு குறைவு, மறுக்கவில்லை. ஆனால் பிரிட்டனில் திரவத்துக்கு 2% நிகோட்டின் உச்சவரம்பு, பதிவு, சோதனை எல்லாம் உண்டு. அந்த நாடே தூக்கிப்போடும் வகையை 2025 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டது. இங்கே கிடைப்பது கடத்தல் சரக்கு. அதன் காயிலை எவரும் சோதித்ததில்லை. என் கண்ணுக்கு அது பீடிக்கு மாற்று இல்லை, பீடி தொடாத பிள்ளைகளுக்கு ஒரு புது நுழைவாயில். பீடியை விட நினைப்பவர்களுக்கு நிகோட்டின் சூயிங்கம் இருக்கு, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் புகையிலை மீட்பு ஆலோசனை இருக்கு, 1800 11 2356 என்ற இலவச எண் இருக்கு.

கடைசியாகப் பெற்றோருக்கு. பிள்ளையின் பையில் பழ வாசனையோடு பென் டிரைவ் மாதிரி ஏதாவது இருந்தால் அடுப்பில் போடுவது, சுத்தியலால் உடைப்பது, குப்பையோடு எரிப்பது எதுவும் வேண்டாம். உள்ளே லித்தியம் செல் இருக்கு. வெடித்துக் காயம் பட்டால் பேஸ்ட், மாவு, இங்க் எதையும் பூசாதீர்கள். எரிந்த துணியையும் நகையையும் கழற்றிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. காயத்தில் காரம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் எதைக் கொண்டு கழுவுவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதனால் வெடித்தது பேட்டரி என்பதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளையைத் திட்டுவதை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம்.